நாலாவது ஆடி

ஜூலை 3, வியாழன்

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சொர்க்கம். பக்கத்திலேயே இலஞ்சியில் ஈரத்துணியை இடுப்பில் வைத்துக்கொண்டு காயப்போட இடம் தேடுகிறவளுக்கு அது தலைவலி.

காலையில் புறவாசல் கதவைத் தள்ளினேன், நகரவில்லை. வெளிப்பக்கம் கோவைக்கொடி தாழ்ப்பாளைச் சுற்றிப் பிடித்திருந்தது. இடுக்கில் கத்தியை விட்டு அறுத்த பிறகுதான் திறந்தது. அவர் இருந்தவரை தோட்டம் அவர் பாடு. அவர் போய் ஆறு வருடமாக நான் கிளை நூலகத்தில் புத்தகங்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன், தோட்டம் தன் இஷ்டத்துக்கு வளர்ந்துகொண்டிருந்தது. மே மாதம் ஓய்வு பெற்றபோது, இனிமேல் தோட்ட வேலை பார்க்கப் போகிறேன் என்று பிரிவுபசாரக் கூட்டத்தில் மைக்கில் வேறு சொல்லித் தொலைத்தேன்.

நாயுருவி இடுப்பளவு நிற்கிறது. எப்போதோ விழுந்த விதையில் முளைத்த பீர்க்கு, குளியலறைக் கூரைமேல் படுத்துக்கிடக்கிறது. கொய்யாவின் ஒரு கிளை தரையைத் தொடுகிறது. வாழைகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நிற்கின்றன. சுவரோரம் பலா மட்டும் ஒரு குறையும் இல்லாமல் தளதளவென்று இருக்கிறது. இதுவரை ஒரு பிஞ்சுகூட விட்டதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கதவைச் சாத்திவிட்டுக் காப்பி போட்டேன்.

மகள் உலகு செவ்வாய்க்கிழமை ராஜபாளையத்திலிருந்து வந்திருக்கிறாள். கூட மாப்பிள்ளை வரவில்லை. கையில் ஒரே ஒரு பை. உடம்பு இளைத்திருக்கிறது. கொஞ்ச நாள் இருந்து, சாப்பிட்டுத் தேறிவிட்டுப் போகட்டும்.

ஜூலை 5, சனி

பக்கத்து வீட்டுக் கோமு மதினி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவளுக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் பூனைகூடக் குட்டி போடாது. மகள் வந்திருக்காளோ என்றாள். ஆடிக்கு அழைத்திருக்கிறேன் என்று சொன்னேன். வாயில் வந்தது அதுதான்.

"நாலாவது ஆடிக்குமா மதினி? அதுவும் ஆனியிலேயா?"

புதுப் பெண்ணைத்தான் ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பார்கள், அதுவும் முதல் வருடம். இது எனக்குத் தெரியாதா. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி என்று சொல்லி வைத்தேன். மதினி சிரிக்காமல் தலையை ஆட்டினாள். அவள் சிரித்திருந்தால் தேவலை.

நாயுருவியில் ஒரு பாத்தி அளவு வெட்டினேன். புடவையெல்லாம் அதன் விதை ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுப்பதற்கே ஒரு மாலைப்பொழுது போயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

மழை. நத்தைகள். ஒரு வாளி பொறுக்கினேன். கீரை விதைத்த பாத்தியில் மண்தான் மிச்சம்.

ஜூலை 11, வெள்ளி

வெட்டரிவாளைத் தீட்டி, கொய்யாவின் முறிந்த கிளையைக் கழித்தேன். நான் வெட்டத் தொடங்கியதும் உலகு தன் அறை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். நேற்றும் அப்படித்தான் செய்தாள். வீட்டில் ஒருத்தி மழையில் நனைந்துகொண்டு மாரடிக்கிறாள், இன்னொருத்திக்குச் சத்தம் ஆகவில்லையாம். எனக்குச் சுருக்கென்று இருந்தது. மத்தியானம் சோற்றைப் போட்டு, தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்த பார்வையில் எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. தோசைக்கல் பட்டுவிட்டது என்றாள். நானும் கற்றாழை வெட்டிவந்து தடவினேன்.

சாயங்காலம் சம்பந்தியம்மா போன் செய்தார்கள். எப்போதும்போல் தங்கமான பேச்சு. பிள்ளைக்கு மனசு சரியாகட்டும், அவசரமில்லை, நான் இருக்கேம்லா, எல்லாத்துக்கும் நான் பொறுப்பு என்றார்கள். பொங்கலுக்கு வந்திருந்தபோது உலகு ஒன்று சொன்னாள். மாப்பிள்ளை கோபத்தில் எதையோ கையில் எடுத்தாராம். எதை என்று நான் கேட்கவில்லை. சம்பந்தியம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்களாம். கோபம் இல்லாத ஆண்பிள்ளை யார்? கையைப் பிடிக்க ஒரு பெரியமனுஷி இருக்கிற வீடு நல்ல வீடுதான் என்று சொல்லித்தான் அப்போது அனுப்பி வைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

கூரைமேல் ஏணி போட்டு ஏறிப் பீர்க்கங்காய் பறித்தேன். பாதிக்கு மேல் முற்றி, உள்ளே நாராகிவிட்டது. குளிக்கத் தேய்க்கலாம். பிஞ்சாகக் கிடைத்த நாலைந்தில் கூட்டு வைத்து, தோலைத் துவையல் அரைத்தேன். உலகு இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான்.

முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. கிழவி ஏணியில் ஏறலாமா என்று கேட்க இந்த வீட்டில் ஆளில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கவில்லை, பப்பாளி சாய்ந்துவிட்டது. காயெல்லாம் சேற்றில் கிடந்தது. பொறுக்கிக் கழுவித் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். மாப்பிள்ளை வரலையா? வேலை, விடுமுறை கிடைக்கவில்லை, ஆடி முடியட்டும் என்று வீட்டுக்கு ஒரு பதில் சொல்லி வந்தேன். இனி எந்த வீட்டில் என்ன சொன்னேன் என்பதை வேறு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று உலகு தானாகத் தோட்டத்துக்கு வந்தாள். என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து புல் பிடுங்க ஆரம்பித்தாள். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கோரைக்கு வேர் ஆழம், கையால் வராது. புல்லறுக்கிற பன்னரிவாளை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

வேலை செய்ய வந்தால் ஒழுங்காகச் செய்யவேண்டும், இந்தப் பிடிவாதத்தால்தான் அங்கேயும் சண்டை வந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவள் வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். கோரைத்தாள் அறுத்து உள்ளங்கையில் ரத்தம். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது. மழை, களை, தெரு, மகள். எல்லாம் சேர்ந்து அலுப்பாக இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

வாழைக்கன்றுகளை இளக்கிப் பிரித்து நட்டு வைத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஜூலை 27, ஞாயிறு

தம்பி சண்முகவேல் வந்தான். இந்தச் சம்பந்தத்தைப் பார்த்து முடித்தவன் அவன். தாய்மாமன் என்கிற முறையில் அவனுக்குத்தான் அதிகம் உறுத்தல். வந்ததும் வராததுமாகப் பேச்சை எடுத்தான். ரெண்டு கை தட்டினால்தான் ஓசை, பிள்ளையும் கொஞ்சம் வாயைக் குறைக்கவேண்டும், ஆவணி முதல் தேதி மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வருகிறார்கள், நல்லபடியாகப் பேசி அனுப்பிவிடலாம் என்றான். உலகு உள்ளறையில் இருந்தாள். கேட்டிருப்பாள்.

நானும் சரி என்றேன். இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்குப் பிறகு அவளுக்கு யார்? அந்த அம்மா இருக்கிற வரைக்கும் பயமில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தம்பிக்கு ஒரு பை நிறைய எலுமிச்சங்காய் பறித்துக் கொடுத்தேன். முள் குத்தி விரலெல்லாம் எரிகிறது.

ஜூலை 30, புதன்

தேதி சொன்னதிலிருந்து உலகு மறுபடி சரியாகச் சாப்பிடுவதில்லை. பாகற்காய் குழம்பு வைத்தேன், அவளுக்குப் பிடிக்கும். பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

காலையில் மழை விட்டது. நாள் கிழமையாயிற்றே என்று எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கிளறினேன். உலகுவைக் குளிக்கச் சொல்லி, தலை வாரிப் பூ வைத்துவிட்டேன். கோமு மதினி ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். வெயில் எட்டிப் பார்த்ததால் எல்லோரும் தோட்டத்துக்குப் போய் நின்றோம். பாதித் தோட்டம் சீராகியிருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மதினி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து பலாவிடம் நின்றாள். ஊரெல்லாம் பலாப்பழம் நாறுது, இது மட்டும் உரத்தைத் தின்னுக்கிட்டுச் சும்மா நிக்கி, மிரட்டிப் பாத்தியளா என்றாள்.

எங்கள் பக்கத்தில் இது உண்டுதான். காய்க்காத மரத்தை ஒருவர் அரிவாளோடு வெட்டப் போகவேண்டும். இன்னொருவர் ஓடிவந்து தடுத்து, மரத்துக்காகப் பரிந்து பேசவேண்டும். மரம் பயந்து அடுத்த வருடம் காய்க்கும் என்பார்கள். மதினியின் பிறந்தவீட்டில் ஒரு மாமரம் அப்படித்தான் காய்த்ததாம். நீங்க வெட்டுங்க மதினி, நான் தடுக்கேன் என்றாள். உலகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு ஒரு வேடிக்கையாக இருக்கட்டும் என்றுதான் நானும் அரிவாளை எடுத்தேன்.

மரத்தின் முன் நின்று, இந்த வருசமும் நீ காய்க்கலை, உன்னை வெட்டி அடுப்பில வைக்கப் போறேன் என்று சத்தம் போட்டேன். நன்றாகவே வந்தது. இத்தனை நாள் யார்மேலோ இருந்த எரிச்சலெல்லாம் அதில் இருந்தது. ஓங்கி ஒரு கொத்து விட்டேன். பால் வடிந்தது. கிணற்றடியில் தயாராக நின்ற மதினி முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விட்டுருங்க மதினி, பச்ச மரம். அடுத்த வருசம் ஒழுங்காக் காய்க்கும். நான் பொறுப்பு."

"காய்க்கலைன்னா?"

"அப்ப நானே அரிவாளை எடுத்துத் தாரேன்."

இருவரும் மூச்சு வாங்கச் சிரித்தோம். உலகுவும் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கல்லைவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. மதினிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

"எங்க வீட்லயும் இப்படித்தாம்மா" என்றாள் உலகு. அழவில்லை. ஏதோ சமையல் பக்குவம் சொல்கிற குரலில் சொன்னாள். "அவரு அரிவாளை எடுப்பாரு. அத்தை ஓடியாந்து கையப் பிடிப்பாங்க. 'விடுய்யா, அடுத்த தடவ ஒழுங்கா இருப்பா, நான் பொறுப்பு'ம்பாங்க. மொதத் தடவ நான் அவங்க கால்ல விழுந்து கும்பிட்டேன். சாமி மாதிரி தெரிஞ்சாங்க."

சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"ரெண்டாவது தடவ நான் நின்ன எடத்துல இருந்து அடுக்களை தெரிஞ்சுது. இவரு அரிவாளோட கத்திக்கிட்டு நிக்காரு. அத்தை பால் காய்ச்சிக்கிட்டு இருந்தாங்க. பால் பொங்கி வார வரைக்கும் நின்னாங்கம்மா. அடுப்பை அணைச்சாங்க. கையத் தொடச்சாங்க. பொறவுதான் ஓடியாந்தாங்க."

மதினி 'அய்யோ' என்று வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நான் அரிவாளைக் கீழே போடப் பார்த்தேன், போட முடியவில்லை. பலாப்பால் உள்ளங்கையையும் பிடியையும் சேர்த்து ஒட்டியிருந்தது. உலகுதான் உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்தாள். அரிவாளைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு, என் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணெய் தேய்த்துப் பிரித்துவிட்டாள். 

அந்தத் தழும்பு தோசைக்கல் சூடு இல்லை. கற்றாழை தடவின அன்றைக்கே எனக்குத் தெரியும். சூட்டுத் தழும்பு அவ்வளவு நேராக இருக்காது.

ஆகஸ்ட் 4, திங்கள்

தோட்டத்துக்குப் போகவில்லை. அரிவாள்களை எல்லாம் சாக்கில் சுற்றி, கோமு மதினி வீட்டில் கொடுத்து வைத்தேன். மதினி எதுவும் கேட்கவில்லை. தெருவிலும் எதுவும் பேசவில்லை என்பது இன்றைக்குத் தெரிந்தது. அவளைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு.

ஆகஸ்ட் 6, புதன்

தம்பியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.  "ஓங்கினதுதானேக்கா, வெட்டலியே?" என்றான். கையில் இருக்கிற தழும்பைச் சொன்னேன். பிடித்து இழுக்கையில் பட்டிருக்கும் என்றான். பால் அடுப்பைச் சொன்னேன். பயத்தில் பிள்ளைக்கு அப்படித் தோன்றியிருக்கும், அந்த அம்மா அப்படிப்பட்டவர் இல்லை, நான் பார்த்து விசாரித்து முடித்த இடம் என்றான். அவன் கெட்டவன் இல்லை. தான் பார்த்து முடித்த இடம் அப்படி இருக்கும் என்று அவனால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். நானே ஏழு மாதமாக நம்பாமல் இருந்திருக்கிறேன்.

வரட்டும், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். வரவேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. ஒரு சொல் சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடாத தூறல். ஆடிப்பட்டம் முடிகிறது, விதைக்காமல் விட்டால் இந்த வருடம் ஒன்றும் இல்லை. உலகுவும் நானும் அவரை, வெண்டை, கத்திரி போட்டோம். பாத்தியை அவள் கையாலேயே கட்டினாள். சேறு முழங்கைவரை ஏறியிருந்தது.

ஆவணி முதல் தேதி உனக்கு என்ன செய்யணும்னு தோணுது என்று கேட்டேன். இத்தனை நாளில் இதை இப்போதுதான் கேட்கிறேன். அவள் விதைக்குழியை மூடிக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீ போன்னு சொன்னா போறேன்மா. ஆனா என்னைக்காவது அத்தைக்கு அடுப்பை அணைக்கக் கொஞ்சம் நேரம் ஆயிட்டுன்னா, அப்ப என்ன?"

 போக வேண்டாம் என்று சொன்னேன். இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்றே சந்தேகம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அவரை முளைத்துவிட்டது. நத்தைகளும் வந்துவிட்டன. சாம்பல் தூவி வைத்தேன், மழை கரைத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி தூவினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் தம்பி குறுக்கே பேசுகிறான், நான் அடங்கிவிடுகிறேன். ஒத்திகையிலேயே தோற்கிறவளை என்ன செய்வது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

வந்தார்கள். போய்விட்டார்கள்.

தம்பி முதலிலேயே வந்துவிட்டான். அவர்கள் காரில் வந்தார்கள். தாம்பாளத்தில் பூ, பழம், உலகுவுக்கு ஒரு பட்டுப்புடவை. மாப்பிள்ளை சலவைச் சட்டையில் மரியாதையாக உட்கார்ந்தார். தோட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்த்து, அழகா வச்சிருக்கிய அத்தை என்றார். நான் காப்பி கொடுத்தேன். சமையல் எல்லோருக்கும் சேர்த்துச் செய்துவைத்திருந்தேன். வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பும் துணிச்சல் எனக்கு இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

தம்பி பொதுவாக நாலு வார்த்தை பேசினான். நடந்தது நடந்ததாக இருக்கட்டும், இனிமேல் என்று ஆரம்பித்தான். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். சம்பந்தியம்மா என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து என் முழங்காலில் கையை வைத்தார்கள். மெதுவான, வாஞ்சையான கை.

"எள ரத்தம் சம்பந்தி. கோவம் வரும், போகும். நான் இருக்கேம்லா. பிள்ளைக்கு ஒரு கீறல் விழாது. நான் பொறுப்பு."

தம்பி என்னைப் பார்த்தான். சரி என்று சொல்லவேண்டிய இடம் அது. ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. மனசில் கிடந்த ஒரே கேள்வி வெளியே வந்தது. அதுவும் சண்டைக்காரி மாதிரி இல்லை, சந்தேகம் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டேன்.

"நீங்க வீட்ல இல்லாத அன்னைக்கு அவரு அரிவாளை எடுத்தா, யாரு சம்பந்தி பிடிப்பா?"

அந்த அம்மாவுக்கு நான் பயப்படுகிறேன் என்று தோன்றியிருக்கும். என் பயத்தைப் போக்கவேண்டும் என்கிற அவசரத்தில் முழங்காலைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்கள்.

"அய்ய, நான் இல்லாத அன்னைக்கு அவன் அதைத் தொடவே மாட்டான் சம்பந்தி. ஒரு நாளும் தொட்டதில்ல."

 அப்படியானால், பிடிக்க ஆள் இருக்கிற அன்றைக்கு மட்டும்தான் அவர் அதை எடுக்கிறார். என் தம்பி எதையும் நிதானமாகத்தான் புரிந்துகொள்வான். அந்த வார்த்தை அவனுக்குள் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காப்பி டம்ளரை வாய்வரை கொண்டுபோனவன் குடிக்காமல் கீழே வைத்தான். சம்பந்தியம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். நல்லதுதானே சொன்னேன் என்கிற மாதிரி.

மாப்பிள்ளைக்கு உடனே புரிந்துவிட்டது. "அம்மா, வாய மூடு" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் இதற்குமுன் கேட்டதில்லை. என் முழங்காலின்மேல் இருந்த கை வெடுக்கென்று சுருங்கியது. அந்த அம்மாவின் முகத்தில் அப்போது இருந்தது பயம்தான், வேறொன்றும் இல்லை. மகன் அரிவாளை எடுக்காமலே அவர்களுக்கு அந்தப் பயம் இருக்கிறது. ஒரு நிமிஷம் எனக்கு அவர்கள்மேல் பாவமாக இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு என் மகளைக் கொடுக்க முடியாது.

"கிளம்புங்க மாப்பிள்ளை" என்றான் தம்பி. எழுந்து நின்றுகொண்டுதான் சொன்னான். மாப்பிள்ளை ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். தம்பி கேட்கவில்லை, வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்ற உலகு வெளியே வந்தாள். தாம்பாளத்தை எடுத்துச் சம்பந்தியம்மாவின் கையில் கொடுத்தாள். நான் வரலை அத்தை என்றாள். மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை.

கார் போன பிறகு தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு ரொம்பநேரம் உட்கார்ந்திருந்தான். நான்தானே பாத்து முடிச்சேன், நான்தானே பாத்து முடிச்சேன் என்று அதையே சொன்னான். நாளைக்கு ஒரு வக்கீலைப் பார்க்கவேண்டும், அவள் சாமான்களை எடுத்துவரவேண்டும், எல்லாவற்றுக்கும் நானே போகிறேன் என்றான். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. உலகு தட்டைப் போட்டு உட்கார்ந்து, சாம்பார், பொரியல், அப்பளம், பாயசம் என்று வரிசையாகச் சாப்பிட்டாள். நான் பரிமாறினேன்.

எனக்குச் சந்தோஷமாக இல்லை.  ஒரே நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆடிப் பதினெட்டன்று மழை விட்டிருக்காவிட்டால் நாங்கள் தோட்டத்தில் இறங்கியிருக்க மாட்டோம். இன்றைக்கு நானே அவளுக்குத் தலை வாரி, பூ வைத்து, காரில் ஏற்றிக் கதவைச் சாத்தியிருப்பேன். வாசலில் நின்று கையும் ஆட்டியிருப்பேன்.